நுணுக்குக்காட்டியில் பார்த்தால் காளானின் பெயர் தெரிந்துவிடுமா?

கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை பிடித்துக்கொண்டால், இரண்டொரு நாளில் வட்ஸ்அப் குழுக்களில் காளான் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஒன்று விகாரமகாதேவி பூங்காப் புல்வெளியில் எடுத்தது, இன்னொன்று தெஹிவளையில் மதிலோரம் பார்த்தது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இது சாப்பிடுற காளானா? பதில்களும் வழக்கமானவைதான். வெள்ளி மோதிரம் போட்டுக் காய்ச்சுங்கோ, கறுத்தால் நஞ்சு. அணில் கடிச்சிருந்தால் பயமில்லை. கடைசியாகக் கொஞ்சம் படித்தவர் ஒருவர் வந்து, "இதெல்லாம் மூடநம்பிக்கை. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும்" என்று பேச்சை முடித்துவைப்பார்.

முதல் இரண்டும் பிழை என்பது பலருக்குத் தெரியும். மூன்றாவதும் பெரும்பாலும் பிழை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நுணுக்குக்காட்டிக்கு நஞ்சு தெரியாது, பெயரும் தெரியாது. சில சின்னக் கேள்விகளுக்கு மட்டும் அது நன்றாகப் பதில் சொல்லும். இந்தத் துணிக்கை எவ்வளவு நீளம்? அதன் மேற்பரப்பு வழுவழுப்பா, சொரசொரப்பா? அயடீன் பட்டால் நிறம் மாறுகிறதா? கேட்கத் தெரிந்தவருக்கு இந்தப் பதில்கள் பொன். கேள்வியே இல்லாமல் கண்ணை வைப்பவருக்கு மங்கலான வட்டங்கள் தெரியும், அவ்வளவுதான்.

கதவு இலக்கம் மட்டும் இருந்தால்

வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் வீட்டைத் தேடிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 3/2 என்ற கதவு இலக்கம் மட்டும்: மூன்றாம் மாடி, இரண்டாம் வீடு. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் அடுக்குமாடி இல்லாத ஒழுங்கையைக் காண்பது கஷ்டம். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு 3/2 இருக்கும். ஆனால் எந்த ஒழுங்கை, எந்தக் கட்டடம் என்று தெரிந்துவிட்டால், அதே 3/2 உங்களை நேராக வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

நுணுக்குக்காட்டி தருவது கதவு இலக்கம். ஒழுங்கையை வெறுங்கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் வேலை தொடங்குவது காளான் நிற்கும் இடத்தில். எதில் முளைத்திருக்கிறது: புல்லிலா, உக்கிய கட்டையிலா, சாணத்திலா, கறையான் புற்றிலா? தனியாகவா, கூட்டமாகவா? குடையின் அகலம் என்ன, மேலே செதில் உண்டா? தண்டில் வளையம் இருக்கிறதா? நசுக்கினால் நிறம் மாறுகிறதா? மணம் எப்படி? இவற்றைக் குறித்துக்கொண்டு, மேலிருந்து ஒன்று, குடையின் அடியிலிருந்து ஒன்று, நெடுக்காகப் பிளந்து ஒன்று என்று படம் எடுங்கள்.

பறிப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. தண்டை முறித்து எடுக்கக் கூடாது, சுற்றியுள்ள மண்ணைக் கிளறி அடியோடு எடுக்க வேண்டும். உலகின் மிக ஆபத்தான காளான்கள் சில அமானிட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றில் பலவற்றின் அடித்தண்டைச் சுற்றி உறை போன்ற ஒரு கிண்ணம் இருக்கும், அது மண்ணுக்குள் மறைந்திருக்கும். முறித்து எடுத்தால் அந்தத் தடயம் மண்ணிலேயே போய்விடும். உங்கள் வளவு, தெரிந்தவர் தோட்டம், வீதியோரப் புல் என்பன பழகப் போதுமான இடங்கள். பாதுகாக்கப்பட்ட காடுகளில் அனுமதியில்லாமல் எதையும் பறிக்காதீர்கள்.

வித்தியும் அதன் பதிவும்

நாம் காளான் என்று பறிப்பது ஒரு பங்கசின் சிறு பகுதி மட்டுமே. அதன் உடல் மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ மெல்லிய இழைகளாகப் பரந்து கிடக்கிறது. அந்த இழைகளுக்குப் பூசணவிழை என்று பெயர். மழை வந்ததும் இழைகள் திரண்டு மேலே அனுப்பும் உறுப்புத்தான் காளான். அதன் வேலை ஒன்றே ஒன்று: வித்திகளை உண்டாக்கிக் காற்றில் விடுவது. வித்தி என்பது பங்கசு தன்னைப் பரப்ப வெளிவிடும் நுண்ணிய துணிக்கை, பெரும்பாலும் ஒரே கலத்தால் ஆனது.

குடையைக் கவிழ்த்துப் பார்த்தால் நடுவிலிருந்து ஓரம் வரை மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். வித்திகள் உண்டாவது அந்தத் தகடுகளின் இரண்டு பக்கங்களிலும்தான். அவை வெளியேறும் விதம் ஒருமுறை தெரிந்தால் மறக்காது. ஒவ்வொரு வித்தியும் ஒரு சிறு காம்பில் அமர்ந்திருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் அடியில் ஒரு நுண்துளி நீராகச் சேர்கிறது. வித்தியின் பக்கத்தில் ஏற்கெனவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். துளி வளர்ந்து அந்தப் படலத்தைத் தொட்ட கணத்தில் இரண்டும் ஒன்றாகச் சேர, அந்த உந்துதலில் வித்தி காம்பிலிருந்து எறியப்படுகிறது. போகும் தூரம் ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்குதான். இரண்டு தகடுகளுக்கு இடைப்பட்ட வெளிக்கு வந்து, எதிர்த் தகட்டில் ஒட்டாமல், அங்கிருந்து நேராகக் கீழே விழும். இதை ஆராய்ந்த ரெஜினோல்ட் புல்லரின் பெயரால் அந்த நீர்த்துளியைப் புல்லர் துளி என்கிறார்கள்.

நேராகக் கீழே விழுவதால்தான் வித்திப் பதிவு எடுக்க முடிகிறது. குடையைத் தண்டிலிருந்து வெட்டி, தகடுகள் கீழே பார்க்கும்படி கண்ணாடித் துண்டொன்றில் வைத்து, மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து, இரவு முழுக்க விடுங்கள். காலையில் கண்ணாடியில் தகடுகளின் வரிகள் அப்படியே மாவால் வரைந்தது போலக் கிடக்கும். கண்ணாடிக்கு அடியில் வெள்ளைக் கடதாசி ஒன்று, கறுப்புக் கடதாசி ஒன்று என மாற்றி வைத்துப் பார்த்தால் எந்த நிறமும் தப்பாது. நம்மூர் வெக்கைக்கு ஒரு நாளுக்கு மேல் வைக்க முடியாது. குடை கரைந்து ஊற்றும், புழு வெளியே வரும், எறும்பு வரிசை கட்டும்.

பதிவின் நிறம் ஒழுங்கையைக் காட்டிவிடும். அமானிட்டாவுக்கு வெள்ளை. வைக்கோலில் வளர்க்கும் வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. கடையில் வாங்கும் பட்டன் காளானுக்குச் சொக்லேட் கபிலம். சாணத்தில் முளைப்பவை பலவற்றுக்குக் கறுப்பு. தகட்டின் நிறமும் பதிவின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய ஆசிய நாட்டவர் சிலர், ஊரில் சாப்பிட்ட வைக்கோல் காளான் என்று நினைத்து அமானிட்டா பலோய்டிஸ் என்ற கொடிய நச்சுக்காளானைச் சமைத்திருக்கிறார்கள். இளம் பருவத்தில் இரண்டும் உறைக்குள்ளிருந்து வருபவை, பார்வைக்கு நெருக்கமானவை. வித்திப் பதிவில் ஒன்று வெள்ளை, மற்றது இளஞ்சிவப்பு.

இதுவரை வந்த வேலைக்கு நுணுக்குக்காட்டி தேவைப்படவில்லை. முளைத்த இடம், உருவம், பதிவின் நிறம், இந்த மூன்றும் கையில் இருந்தால் பேரினம் வரை நெருங்கிவிடலாம். என்னைக் கேட்டால், ஒரு மழைக்காலம் முழுக்க வெறும் வித்திப் பதிவு எடுத்துப் பழகிய பிறகு நுணுக்குக்காட்டி வாங்குவதே நல்லது.

எவ்வளவு பெருப்பிக்க வேண்டும்?

ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்குரோமீற்றர். தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்குரோமீற்றர் வரை இருக்கும். தகடுள்ள காளான்களின் வித்திகளில் பெரும்பாலானவை 5க்கும் 15க்கும் இடைப்பட்ட நீளம். 8 மைக்குரோமீற்றர் வித்திகளை முனைக்கு முனை அடுக்கினால் ஒரு மில்லிமீற்றருக்கு 125 தேவைப்படும்.

இதைப் பார்க்கக் கூட்டு நுணுக்குக்காட்டி வேண்டும். அதாவது பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வில்லை, கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று என இரண்டு படியாகப் பெருப்பிக்கும் கருவி. கீழே இருப்பது பொருள்வில்லை, மேலே இருப்பது பார்வைத்துண்டு. பொருள்வில்லை 40, பார்வைத்துண்டு 10 என்றால் மொத்தம் 400 மடங்கு. உயர்தர உயிரியல் படித்தவர்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் தொட்டுப் பார்த்த அதே சாமான்தான்.

இங்கேதான் வியாபாரம் புகுந்து குழப்புகிறது. பெட்டியில் "2000 மடங்கு" என்று போட்டிருந்தால் 1000 மடங்கைவிட இரட்டிப்பாகத் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். பெரிதாகக் காட்டுவது ஒன்று, பிரித்துக் காட்டுவது வேறு. அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் திறனுக்குப் பிரிவலு என்று பெயர். ஒளி அலையாகப் பரவுவதால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் அபே 1873இல் அந்த எல்லையை விளக்கினார். பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.55 மைக்குரோமீற்றர். நல்ல வில்லையால்கூட அதன் பாதியைவிடக் கொஞ்சம் சிறிய இடைவெளியைத்தான் பிரிக்க முடியும்.

உங்கள் பொருள்வில்லையின் பக்கத்தில் 40/0.65 என்பது போல இரண்டு எண்கள் செதுக்கப்பட்டிருக்கும். முதலாவது பெருக்கம். இரண்டாவது அந்த வில்லை எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை உள்ளே வாங்குகிறது என்பதைச் சொல்வது. முக்கியமானது இந்த இரண்டாவதுதான். அலைநீளத்தின் பாதியை அதனால் வகுத்தால் பிரிவலு வந்துவிடும்: 0.65 உள்ள வில்லைக்கு ஏறத்தாழ 0.42 மைக்குரோமீற்றர், 1.25 உள்ளதற்கு 0.22. அதற்கு மேல் பார்வைத்துண்டை மாற்றி 2000 மடங்கு ஆக்கினால் மங்கலும் இரட்டிப்பாகும், வேறொன்றும் கிடைக்காது. கணினியில் செருகும் பேனா போன்ற சின்னக் கருவிகள் "1000 மடங்கு" என்று விற்கப்படுகின்றன. தகடுகளின் ஓரத்தைப் பார்க்க அவை சுகமானவை, ஆனால் வித்தியை அளக்க உதவாது.

100 மடங்கு பொருள்வில்லைக்கு எண்ணெய் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. சரிவாக வரும் கதிர்கள் வில்லைக்குள் போகாமல் சிதறிவிடும். கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் ஓர் எண்ணெய்த்துளியால் அந்தக் காற்று இடைவெளியை நிரப்பினால் அந்தக் கதிர்களும் உள்ளே போகும். இதற்கென்றே விற்கும் அமிழ்ப்பு எண்ணெய் வேண்டும். குசினியில் இருக்கும் தேங்காயெண்ணெய் சரிவராது. வேலை முடிந்ததும் வில்லைத் தாளால் ஒற்றி எடுங்கள், காயவிட வேண்டாம்.

ஆக, தொடங்குபவருக்கு 40 மடங்கு பொருள்வில்லையே வித்தியின் உருவத்துக்கும் பருமட்டான அளவுக்கும் போதும். மேற்பரப்பிலுள்ள முள், வரி, துவாரம் என்று வரும்போதுதான் எண்ணெய் வில்லை.

அளவுகோலைப் பழக்குதல்

இந்த விடயத்தில் மட்டும் பொறுமையாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். அளக்கத் தெரியாதவரின் நுணுக்குக்காட்டி ஒரு படப்பெட்டி.

பார்வைத்துண்டுக்குள் போடும் வட்டக் கண்ணாடி ஒன்று விற்கிறார்கள். அதில் 100 கோடுகள் கொண்ட சிறிய அளவுகோல் இருக்கும். அந்தக் கோடுகளுக்கு என்று சொந்தமாக அளவு கிடையாது. பொருள்வில்லையை மாற்றினால் ஒரு கோட்டின் பெறுமதியும் மாறும். ஆகவே ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் தனித்தனியாக அதைப் பழக்க வேண்டும், அதாவது ஒரு கோடு எத்தனை மைக்குரோமீற்றர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு அளவீட்டு வழுக்கி தேவை. வழுக்கி என்றால் மாதிரியை வைக்கும் நீள்சதுரக் கண்ணாடித் துண்டு. அளவீட்டு வழுக்கியில் சரியாக ஒரு மில்லிமீற்றர் நீளக் கோடு நூறாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு பிரிவு 10 மைக்குரோமீற்றர்.

அளவீட்டு வழுக்கியைத் தட்டில் வைத்து, 40 மடங்கில் குவித்து, இரண்டு அளவுகோல்களின் தொடக்கக் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வையுங்கள். பார்வைத்துண்டின் 100 பிரிவுகள் வழுக்கியின் 25 பிரிவுகளை மூடுகின்றன என்று வைப்போம். 25 பிரிவு என்றால் 250 மைக்குரோமீற்றர். அதை 100 ஆல் வகுத்தால் ஒரு பிரிவு 2.5. எண்ணெய் வில்லையில் அதே 100 பிரிவுகள் 10ஐ மட்டும் மூடினால் ஒரு பிரிவு 1 மைக்குரோமீற்றர். உங்கள் கருவியில் எண்கள் வேறாக வரலாம். வந்ததைச் சிறு கடதாசியில் எழுதிக் கருவியிலேயே ஒட்டிவிடுங்கள்.

அளக்கும்போது கவனிக்க மூன்று விடயங்கள் உண்டு. ஒன்று, வித்தியைப் பதிவிலிருந்து எடுங்கள். தகட்டில் முற்றாத வித்திகளும் ஒட்டியிருக்கும், தானாக விழுந்தவை முற்றியவை. அடுத்தது, வித்தியின் ஒரு முனையில் அது காம்பில் ஒட்டியிருந்த சிறு முளை தெரியும், நீளத்தில் அதைச் சேர்க்கக் கூடாது. மூன்றாவதாக, ஒன்றிரண்டு வித்தியோடு நிறுத்தாமல் இருபது, முப்பதையாவது அளவுங்கள். பெரிதாக இருப்பதையே கண் தேடிப் போகும். அதனால் ஒரு மூலையில் தொடங்கி, கிடந்த ஒழுங்கில் வருபவற்றை எல்லாம் அளப்பதே நேர்மை.

நூல்களில் (7–)8–10(–11) × 5–6.5 என்று காண்பீர்கள். முதலில் நீளம், பிறகு அகலம், இரண்டும் மைக்குரோமீற்றரில். நீளம் பெரும்பாலும் 8 முதல் 10 வரை, அபூர்வமாக 7 அல்லது 11 என்று அர்த்தம். நீளத்தை அகலத்தால் வகுத்தால் வருவது நீள அகல விகிதம். அது 1 என்றால் உருண்டை, 1.5 என்றால் முட்டை வடிவம், 2ஐத் தாண்டினால் நீட்டு உருளை. கருவியின் அளவுகோலில் சிறு பிழை இருந்தாலும் விகிதம் அவ்வளவு கெடாது. அதனால் புதியவர்கள் இதையும் எழுதிவைப்பது நல்லது.

முதல் வழுக்கி

வழுக்கியில் ஒரு துளி நீர். பதிவிலிருந்து ஊசிமுனையால் கொஞ்சம் தூள் எடுத்துத் துளியில் கலக்குங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு எடுத்தாலே அது அதிகம். மெல்லிய மூடிக்கண்ணாடியை ஒரு பக்கம் தொடவைத்துச் சரித்து இறக்குங்கள். மேலே டிஷூத் தாளை வைத்து மெதுவாக ஒற்றி, மிச்ச நீரை எடுத்துவிடுங்கள். எப்போதும் 10 மடங்கில் தொடங்கி, குவித்த பிறகே 40க்குப் போங்கள்.

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் காற்றுக் குமிழி. தடித்த கரிய விளிம்புடன் பூரணமான வட்டமாக இருந்தால் அது குமிழிதான். வித்திகள் அதைவிட எத்தனையோ மடங்கு சிறியவை. நிரந்தரமாக ஒரு புள்ளி தொல்லை தந்தால் பார்வைத்துண்டைச் சுற்றிப் பாருங்கள். புள்ளியும் கூடவே சுற்றினால் அது பார்வைத்துண்டில் ஒட்டிய தூசி. மிகச் சிறிய துணிக்கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தால், "உயிரோடு இருக்கு" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் நடுக்கம் அது.

வெளிச்சத்தைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்பதும் ஒரு தப்பபிப்பிராயம். நிறமற்ற வித்திகள் கூடிய வெளிச்சத்தில் மறைந்தே போகும். தட்டுக்கு அடியிலுள்ள துவாரத்தைக் கொஞ்சம் குறுக்கினால் விளிம்புகள் எழுந்து வரும்.

நிறம் மாற்றும் திரவங்கள்

நீரில் தெரியாததைச் சில திரவங்கள் காட்டித்தரும். காய்ந்த காளானை மீண்டும் விரியவைக்க 3 முதல் 5 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் பயன்படுகிறது. அது தோலையும் வில்லையையும் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இழைகளின் சுவருக்கு நிறமூட்டக் கொங்கோ சிவப்பு.

எல்லாவற்றிலும் பேர்போனது மெல்சர் திரவம். அயடீன், பொற்றாசியம் அயடைட்டு, குளோரல் ஐதரேற்று, நீர் ஆகியவை கலந்தது. சில வித்திகளின் சுவர் இதில் நீலக் கறுப்பாகும், சில செங்கபிலமாகும், மற்றவை மஞ்சளோடு நின்றுவிடும். குளோரல் ஐதரேற்று மருந்துச் சட்டங்களுக்குள் வரும் பொருள், அதனால் கைக்குக் கிடைப்பது சிரமம். பதிலாக, அது சேராத லூகோல் அயடீன் கரைசலைப் பயன்படுத்துவோர் உண்டு. நீல மாற்றத்தைப் பார்க்க அது ஓரளவு உதவும், செங்கபிலத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

புல்வெளிக் காளானும் புற்றுக் காளானும்

இப்போது எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவோம். மழைக்குப் பின் புல்வெளிகளில் பெரிய வெள்ளைக் குடைகள், சில வேளை வளையமாக வரிசை கட்டி நிற்கும். நடுவில் கபிலச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் அசைக்கக்கூடிய வளையம். பார்த்தால் வாயூறும் அழகு. குளோரோபில்லம் மொலிப்டிட்டிஸ் என்ற இனம் இப்படித்தான் இருக்கும். வெப்ப வலய நாடுகளில் பரவலாக முளைக்கும் இதைச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அமெரிக்காவில் அதிகம் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் காளான்களில் இதற்கு முன்னிடம்.

மறுபக்கத்தில் கறையான் புற்றில் முளைக்கும் டெர்மிட்டோமைசிஸ், இலங்கையில் காலங்காலமாகப் பறித்துச் சமைக்கப்படுவது. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ரொம் பெட்ச் 1906இலேயே கறையான் கூடுகளின் பங்கசுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கறையான்கள் இந்தப் பங்கசைக் கூட்டுக்குள் வளர்த்து உண்கின்றன. காளான் அங்கிருந்து நீண்ட வேர் போன்ற தண்டோடு மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. துளைப்பதற்காகவே குடையின் நடுவில் ஒரு கூர்முனை இருக்கும்.

இரண்டுமே வெளிறிய பெரிய குடைகள். இரண்டின் தகடுகளும் இளமையில் வெள்ளை. முறித்து எடுத்துக் கூடையில் போட்டுவிட்டால் குழம்புவது லேசு. வித்திப் பதிவு எடுத்தால் புற்றுக் காளான் இளஞ்சிவப்பு. புல்வெளிக் காளான் மங்கிய பச்சை. காளான் உலகில் பச்சைப் பதிவு மிக அபூர்வம், ஒழுங்கை மட்டுமல்ல, கட்டடமே தெரிந்துவிடும்.

நுணுக்குக்காட்டியில் புற்றுக் காளானின் வித்தி மெல்லிய ஒற்றைச் சுவரோடு எளிய முட்டை வடிவில் இருக்கும், ஏறத்தாழ 6–9 × 4–5. மெல்சர் திரவத்தில் குறிப்பிடும்படி நிறம் மாறாது. புல்வெளிக் காளானின் வித்தி பெரியது, 9–12 × 6–8 அளவில். குவியத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகியைச் சற்றே திருகினால் சுவர் இரட்டைக் கோடாகத் தெரியும், அவ்வளவு தடிப்பு. ஒரு முனை சீவிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். அந்த இடத்தில் சுவர் மெலிந்து ஒரு துவாரம் உண்டு. வித்தி முளைக்கும்போது இழை அதன் வழியாக வெளியே வரும், ஆகவே அதை முளைத்துவாரம் என்பார்கள். மெல்சர் துளி பட்டதும் செங்கபிலமாக மாறும்.

குடை இன்னும் விரியாத புல்வெளிக் காளானில் பச்சையைத் தேடினால் கிடைக்காது. வித்தி முற்றியிராது, பதிவும் விழாது. பதிவு விழாத காளானைப் பற்றி முடிவு சொல்ல முடியாது என்பதுதான் சரியான முடிவு.

வித்தியைத் தாண்டி

வித்தி மட்டும் போதாதபோது தகட்டிலிருந்து புதிய பிளேட்டால் மயிரிழைத் துண்டொன்றைச் சீவிப் பார்ப்பார்கள். வித்திகளைத் தாங்கும் கலத்துக்குப் பசிடியம் என்று பெயர். வழக்கமாக அதில் நான்கு காம்பு, நான்கு வித்தி. தகட்டின் ஓரத்தில் வித்தி தாங்காத பருத்த கலங்கள் துருத்திக்கொண்டு நிற்கலாம். அவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும். மெல்லிய சீவல் எடுக்கக் கை பழக நாளாகும். ஆரம்பத்தில் துண்டை நீரில் வைத்து, மூடிக்கண்ணாடி மேல் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தட்டி நசுக்கினாலே ஓரளவு தெரியும்.

நஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை

மெல்சரில் நீலமானால் நஞ்சு என்று சிலர் எழுதுகிறார்கள். அமானிட்டா பலோய்டிஸ் வித்தி நீலமாகும், கொல்லும். அதே பேரினத்தின் அமானிட்டா மஸ்காரியா, சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த அந்தப் பிரபலமான காளான், நீலமாகாது. அதுவும் நஞ்சுதான். ஐரோப்பாவில் நன்றாகச் சமைத்து உண்ணப்படும் அமானிட்டா ரூபெசென்ஸ் நீலமாகும். ஆக, நிறத்துக்கும் நஞ்சுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பெயர் தெரிந்தால், அந்தப் பெயருக்கு உரிய அனுபவமும் ஆய்வும் என்ன சொல்கின்றன என்று தேடலாம். வேறு குறுக்கு வழி இல்லை.

பலோய்டிஸின் நஞ்சு அமாடொக்சின். கலங்கள் புரதம் செய்வதற்கான கட்டளைகளைப் பிரதி எடுக்கும் நொதியத்தை அது முடக்குகிறது. சமைத்தாலும் அழியாது. முதல் அறிகுறி பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வரும், பின்னர் சுகமாவது போல இருந்து, ஈரல் பழுதாகும். அதனால் சந்தேகமான காளானை யாராவது சாப்பிட்டிருந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நச்சுத் தகவல்களுக்கென்றே தேசிய மையம் ஒன்று கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இயங்குகிறது. வித்திகள் சமையலையும் வயிற்றையும் தாண்டி உருக்குலையாமல் இருக்கக்கூடியவை. வாந்தியில் கிடைக்கும் வித்திகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து எந்தக் காளான் என்று நெருங்கும் முறையும் உண்டு.

பெயர் எங்கே கிடைக்கும்?

ஐரோப்பியப் படநூல்களை வைத்துக்கொண்டு கொழும்புக் காளானுக்குப் பெயர் தேடினால், ஏதோ ஒரு பெயர் பொருந்தத்தான் செய்யும், அது சரியாக இருக்காது. நம் நாட்டுப் பங்கசுகளைப் பற்றிய எழுத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து துவெய்ற்ஸ் அனுப்பிய மாதிரிகளை இங்கிலாந்தில் பங்கசு ஆய்வாளர்களான பெர்க்லியும் புரூமும் விவரித்தார்கள். கியூ தாவரவியல் பூங்காவின் டேவிட் பெக்லர் 1986இல் இலங்கையின் தகடுள்ள காளான்களைத் தனி நூலாகத் தொகுத்தார், வித்தி அளவுகளோடு. இப்படி அளவு தரும் விவரணைகளோடுதான் உங்கள் எண்களை ஒப்பிட வேண்டும்.

அப்படியும் சில முடியாமல் நிற்கும். வித்தி, கலம், நிறம் எல்லாம் ஒன்றாக இருந்தும் வேறு இனமாக இருப்பவை உண்டு. பங்கசுகளை அடையாளம் காண 2012இல் முன்மொழியப்பட்ட ஐ.ரி.எஸ். என்ற மரபணுப் பகுதியை வாசித்தால்தான் அவை பிரியும். உங்கள் குறிப்பேட்டில் "டெர்மிட்டோமைசிஸ், இனம் தெரியாது" என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்கிய பிறகு

கொழும்பின் ஈரப்பதத்தில் நுணுக்குக்காட்டிக்கு முதல் எதிரி பங்கசேதான். வில்லைகளுக்கு நடுவே சிலந்தி வலை போல இழை ஓடத் தொடங்கினால் எடுப்பது கஷ்டம், சில வேளை கண்ணாடியின் பூச்சையும் அரித்துவிடும். கருவியோடு வரும் துணிப்பையில் மூடி அலுமாரிக்குள் வைப்பதுதான் மிக மோசமான வழி. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மீண்டும் போடுங்கள். கடலுக்குப் பக்கத்தில் வீடென்றால் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழகுவதற்கு முதல் காளானை வெளியில் தேடாதீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் பட்டன் காளான் வாங்குங்கள், குடை விரிந்து தகடு கபிலமானதாகப் பார்த்து. பெயர் ஏற்கெனவே தெரியும், நூலிலுள்ள அளவும் தெரியும்: ஏறத்தாழ 6–8.5 × 5–6.5. உங்கள் எண்கள் அதற்குள் வராவிட்டால் பிழை காளானில் இருக்காது, அளவுகோலைத் திரும்பப் பழக்குங்கள். எண்கள் சரியாக வந்ததும் தகட்டு ஓரத்தை நசுக்கிப் பசிடியத்தைத் தேடுங்கள். மற்றக் காளான்களில் நான்கு காம்பு இருக்கும் இடத்தில் இதற்கு வழக்கமாக இரண்டுதான். அதை ஒருவர் சொல்லாமல் நீங்களே எண்ண முடிந்தால், அடுத்த மழைக்குப் புல்வெளிப் பக்கம் போகலாம்.